இரண்டு பெட்டி சொன்னால்

காலை பத்தரை மணிக்கு உப்பு உற்பத்தியாளர் சங்க அலுவலகத்தில் இருந்தவர்கள்:

சிவஞானம், சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் எல்லாச் சாவிகளும் அவர் இடுப்பில்தான்.

அய்யனார், லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவன். முந்தின நாள் இடுப்பெலும்பு உடைந்து புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடக்கும் கொளஞ்சியம்மாளின் மகன்.

அமராவதி, உப்பளப் பெண்களுக்கு மேஸ்திரி. கொளஞ்சியம்மாள் அவள் ஆள்.

லூர்துமேரி, எக்கியார்குப்பத்தில் தையல் வகுப்பு நடத்துகிறவர்.

நான், சகாதேவன். பம்பு ஷெட்டில் இரவு ஷிப்ட்.

மேசைமேல் நான்கு பெட்டிகள். ஒன்று துருப்பிடித்துச் செத்தது.

முந்தின நாள் கடல் வராமலே சைரன் கத்தி ஊர் ஓடியதற்கு, மதியம் இரண்டு மணிக்கு ஸ்டேஷனில் புகார் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. யார் பெயரை எழுதுவது என்பது முடிவாகவில்லை. அதற்காகத்தான் இரவு ஷிப்ட் முடிந்து வந்த என்னைத் தூங்கவிடாமல் உட்கார வைத்திருந்தார்கள். பெட்டிகளைத் திறந்து படிக்கத் தெரிந்தவன் அந்த ஊரில் நான் ஒருவன்தான்.

"முதல்ல கத்துனது எது? அதைச் சொல்லு போதும்," என்றார் சிவஞானம். வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வைத்திருந்தார்.

பெட்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் கடல் வந்துபோன பிறகு, பிப்ரவரியில் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. ஒவ்வொன்றும் டிபன் கேரியர் அளவில் நான்கு சின்ன கம்ப்யூட்டர்கள். இரண்டு வரி திரை, ஒரு சின்ன கீபோர்டு, ஒரு பேட்டரி, ஒரு சைரன், கூரைமேல் ஒரு ஆண்டெனா. சங்க அலுவலகத்தில் ஒன்று, பம்பு ஷெட்டில் ஒன்று, ஐஸ் கம்பெனியில் ஒன்று, எக்கியார்குப்பம் தையல் வகுப்பில் ஒன்று. நடுவில் பம்பு ஷெட். மற்ற மூன்றும் என் பெட்டியோடு பேசும். ஒரு பெட்டியில் எச்சரிக்கை அடித்தால் பக்கத்துப் பெட்டிக்குப் போகும், அது தன் பக்கத்துப் பெட்டிக்குத் தரும், அடித்த பெட்டியின் பெயரோடு. தலைமைப் பெட்டி என்று ஒன்று கிடையாது. ஒன்று போனாலும் மற்றவை பேசிக்கொள்ளட்டும் என்றுதான் அப்படிச் செய்திருந்தார்கள்.

சிவஞானத்துக்கு இது அன்றைக்கே பிடிக்கவில்லை. "அப்ப ஹெட் ஆபீஸ் எதுங்க?" என்று மூன்று முறை கேட்டார். ஹெட் ஆபீஸ் இல்லை என்று மூன்று முறையும் சொன்னார்கள். அவர் தன் பெட்டிக்குக் குங்குமம் வைத்து மேசை நடுவில் வைத்துக்கொண்டார்.

பொய்யாக யாராவது அடித்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்கள். எச்சரிக்கை ஒரு பெட்டியிலிருந்து மட்டும் வந்தால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். இரண்டு பெட்டிகள் அதையே சொன்னால்தான் சைரன் கத்தும்.

அந்த விதியை ஜூன் மாதம் நான் மாற்றிவிட்டேன். இரண்டு என்று இருந்த இடத்தில் ஒன்று என்று அடித்தேன். அது யாருக்கும் தெரியாது.

"இன்னாப்பா, படிக்கிறியா, தூங்குறியா?" என்றாள் அமராவதி.

"படிக்கிறேங்க்கா."

முதலில் சங்கத்துப் பெட்டியைத் திறந்து, எச்சரிக்கையை அழித்த பிறகும் நிற்கும் பதிவைப் படித்தேன். முந்தின நாள் காலை, பதினொன்று ஏழு. யாரிடமிருந்து: பம்பு ஷெட். சொன்னேன். எல்லோரும் என் பெட்டியைப் பார்த்தார்கள். அடுத்து என் பெட்டி. பதினொன்று ஏழு. யாரிடமிருந்து: எக்கியார்குப்பம்.

"எக்கியார்குப்பத்துலேர்ந்துதான் வந்திருக்குது," என்றேன்.

லூர்துமேரி நிமிர்ந்தார். நாற்பது வயதிருக்கும். மடியில் ஒரு துணிப்பை. பெட்டியை அதில்தான் கொண்டு வந்திருந்தார்.

"நான் எதுவும் அடிக்கலீங்க. பிளக்கைச் சொருவுனேன். அவ்ளோதான்."

"சொருவுனா அதுவா கத்துமா?" என்றான் அய்யனார். காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது. கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நேற்று கத்தியதும் அவர் அணைத்துவிட்ட பெட்டியையும் போட்டுத் திறந்தேன்; படிக்கத் திறந்து வைத்திருக்கும்வரை பெட்டிகள் ஒன்றோடொன்று பேசாது. எச்சரிக்கை இருந்தது. 'கடல் எச்சரிக்கை. மேட்டுக்குப் போங்க.' யாரிடமிருந்து: பம்பு ஷெட், சங்கம். தேதி: மார்ச் இருபத்தெட்டு, ராத்திரி.

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது.

மார்ச் கடைசியில் எங்கோ கடலுக்கடியில் பூமி ஆடியது என்று டிவியில் சொன்னார்கள். ராத்திரி கரை முழுக்க ஓடியது. அன்றைக்குச் சங்கத்திலும் என்னிடத்திலும் எச்சரிக்கையை அடித்தோம், நான்கு பெட்டிகளும் கத்தின. தண்ணீர் வரவில்லை. விடிந்ததும் 'ரத்து' என்று நானே அடித்தேன். ரத்து வந்தால் பழைய எச்சரிக்கை அழிந்துவிடும். மூன்று பெட்டிகளில் அழிந்தது.

"டீச்சர், மார்ச்ல ஓடுனோமே, அன்னைக்கு இந்தப் பெட்டி எங்க இருந்தது?"

"எங்கூடத்தான் இருந்தது."

"எங்கூடன்னா?"

"கழட்டி எடுத்துக்கிட்டுப் போனேன். பெருமுக்கல் வரைக்கும் லாரில போனோம், மடியிலதான் வெச்சிருந்தேன்." அவர் துணிப்பையைத் தடவினார். "தண்ணி வந்தா எதை எடுக்கணும்னு டிசம்பர்லயே கத்துக்கிட்டோம். அப்ப எதையும் எடுக்காம ஓடிட்டு, ரேஷன் கார்டு இல்லேன்னு ரெண்டு மாசம் அலைஞ்சோமா இல்லையா? அதான் கார்டு, பேங்க் புக்கு, இது. மூணையும் ஒரே பையில போட்டேன். உயிர் மாதிரி பாத்துக்கங்கன்னு அவங்கதானே சொல்லிக் குடுத்தாங்க."

சொன்னார்கள்தான். நானும் பக்கத்தில் நின்றேன். கழற்றாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் வரும்போது ஒரு பெண் தூணிலிருந்து கம்ப்யூட்டரைக் கழற்றிப் பையில் போடுவாள் என்று சென்னைக்காரர்களுக்கு எப்படித் தோன்றும். எக்கியார்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"அப்புறம் திரும்ப மாட்டலையா?"

"ஐஸ் கம்பெனில இருந்தது துருப்பிடிச்சுப் போச்சுன்னாங்க. எங்க கூரையும் ஒழுவுது. கெட்டுப்போனா யார் பதில் சொல்றது? டிரங்குப் பெட்டில வெச்சுப் பூட்டிட்டேன். வெள்ளிக்கிழமை சென்னையிலேர்ந்து வந்து பாக்கறாங்கன்னு லெட்டர் வந்தது. அதான் நேத்து எடுத்து மாட்டுனேன்."

நான் சிவஞானத்துக்கு விளக்கினேன். பேட்டரி தீர்ந்ததும் இந்தப் பெட்டியின் கடிகாரம் நின்றுவிட்டது. நேற்று மின்சாரம் கிடைத்ததும் நின்ற இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. அதைப் பொறுத்தவரை இன்னும் மார்ச் இருபத்தெட்டு ராத்திரிதான். ரத்து அதற்கு வந்து சேரவே இல்லை. தன்னிடம் எச்சரிக்கை இருக்கிறது, பக்கத்துப் பெட்டியில் இல்லை என்று பார்த்தது. தன் பெயரில் கொடுத்துவிட்டது; பழையதைத் திருப்பிக் கொடுக்கும்போது கொடுக்கிற பெட்டியின் பெயர் மட்டும்தான் போகும். அது செய்யவேண்டியதைத்தான் செய்தது.

சிவஞானம் பாதிவரை கேட்டார். பிறகு எழுதத் தொடங்கினார். 'எக்கியார்குப்பம் தையல் ஆசிரியை லூர்துமேரி என்பவர்' என்று அவர் எழுதுவது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் சொன்னது பாதி. மீதிப் பாதியை யாரும் கேட்கவில்லை. தாள் நிரம்பட்டும், கையெழுத்தாகட்டும், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை மறைப்பதற்கில்லை.

"என்னைப் போலீசுக்கு இழுப்பாங்களா?" என்றார் லூர்துமேரி.

"கூப்ட்டா போயிட்டு வாங்க. வேணும்னு செஞ்சீங்களா இன்னா?" என்றார் சிவஞானம், தலை நிமிராமல்.

"போயிட்டு வந்தா சர்ச்சு சாமியாரு தையல் கிளாஸை வேற யாருக்காவது குடுத்துடுவாரு."

அமராவதிதான் பேச்சை மாற்றினாள். "டீச்சர் பெட்டி கத்துனது எக்கியார்குப்பத்துல. எங்களுக்கு அது கேக்காது. எங்களுக்குக் கேட்டது பம்பு ஷெட்டு சைரன். அதுக்குக்கூட நாங்க உடனே ஓடலைங்க. நிமிந்து பாத்தோம். இந்த தம்பி லுங்கியோட ஷெட்டுலேர்ந்து வெளிய வந்து ஓடுது. கம்ப்யூட்டர் படிச்ச புள்ளையே ஓடுதுன்னா கடலு வந்துட்டுதுன்னுதானே அர்த்தம்? கூடையைப் போட்டுட்டு ஓடுனோம்."

அதுவும் உண்மை. ராத்திரி ஷிப்ட் முடிந்து ஷெட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்தேன். டிசம்பரில் அதே ஷெட்டின் வாசல்வரை தண்ணீர் வந்தது, மோட்டார்மேல் ஏறி நின்று பார்த்திருக்கிறேன். சைரன் காதருகில் கத்தியதும் எழுந்து ஓடினேன். திரையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மார்ச் என்ற தேதி தெரிந்திருக்கும். நான்கு அடி தள்ளி இருந்தது திரை. எனக்குப் பின்னால் நாற்பது பெண்கள் ஓடி வந்தார்கள். கொளஞ்சியம்மாள் பாத்தி வரப்பில் ஓடி, ஈரக் களிமண்ணில் வழுக்கி, மதகுக் கல்லில் விழுந்தாள். அவள் அலறியது எனக்குக் கேட்டது. நான் ரோடு வரைக்கும் நிற்கவில்லை.

அய்யனார் என்னைப் பார்த்தான். "நீ எங்கம்மாவைத் தாண்டித்தான் போனியா?"

"முன்னாடி போயிட்டேன்."

"ஓ," என்றான்.

சிவஞானம் தாளைத் திருப்பி இரண்டாம் பக்கத்துக்குப் போனார். அப்போது லூர்துமேரி பைக்குள் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்தார். ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டு. விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். மார்பு, இடுப்பு, கை நீளம், பாதியில் நின்ற கணக்கு. நடுவில் ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"டிரெய்னிங் அன்னைக்கு எழுதிக்கிட்டது. இருங்க, படிக்கிறேன். 'ஒரு பெட்டி சொன்னா வெளக்கு மட்டும் எரியும். ரெண்டு பெட்டி சொன்னாதான் சைரன்.'" அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். குற்றம் சாட்டவில்லை, பாடத்தில் புரியாத இடத்தைக் கேட்பதுபோலத்தான் கேட்டார். "எங்கிட்ட ஏற்கெனவே ரெண்டு பேரு சொன்னது இருந்தது, என்னுது கத்துனது சரி. உங்க பெட்டிக்கு எம்பெட்டி ஒண்ணுதானே சொல்லிச்சு? அது எப்படிக் கத்துச்சு?"

அன்று பயிற்சிக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அந்த விதியை எழுதிக்கொண்டது இவர் ஒருவர்தான் போல.

சிவஞானத்தின் பேனா நின்றுவிட்டது.

"ஐஸ் கம்பெனி பெட்டியும் சொல்லியிருக்கும்," என்றேன்.

வாயை விட்டு வந்த பிறகுதான் அது எவ்வளவு மட்டமான பொய் என்று தெரிந்தது. துருப்பிடித்த பெட்டி எங்கள் எல்லோர் முன்னாலும் மேசைமேல் இருந்தது. மூடியைச் சுற்றிப் பச்சையும் பழுப்புமாகப் பூத்திருந்தது.

அமராவதி அதை விரலால் தட்டினாள். பழுப்புத் தூள் உதிர்ந்தது. "இது மே மாசமே செத்துப்போச்சே. நீதானே கழட்டி எடுத்தாந்த? எங்கிட்டதானே சாக்கு வாங்கி சுத்துன?"

"ஆமாங்க்கா."

"அப்புறம் எப்படிச் சொல்லும்? ஆவியா வந்து சொல்லுச்சா?"

அய்யனார் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தான்.

நான் சொல்லத் தொடங்கினேன். சொல்லும்போது சிவஞானத்தின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மே மாதம் ஐஸ் கம்பெனிப் பெட்டி போயிற்று. எக்கியார்குப்பம் பெட்டி மார்ச்சிலிருந்தே பேசவில்லை. மிச்சம் என் பெட்டியும் சங்கத்துப் பெட்டியும். இரண்டே பெட்டி இருக்கும்போது இரண்டு பேர் சொன்னால்தான் கத்தும் என்று வைத்திருந்தால் என்ன ஆகும். ராத்திரி சங்கம் பூட்டிக் கிடக்கும். அடிக்க நான் ஒருவன்தான். கடல் நிஜமாகவே வந்தாலும் இரண்டும் விளக்கை எரித்துக்கொண்டு சும்மா இருக்கும். அதனால் ஜூனில் ஒரு ராத்திரி என் பெட்டியில் இரண்டை ஒன்று ஆக்கினேன். மறுநாள் இங்கே வந்து, பெட்டியைத் துடைக்கிறேன் என்று சொல்லி, இதிலும் ஆக்கினேன்.

"தொடைக்கிறேன்னு சொன்னப்ப டீ வாங்கிக் குடுத்தேனேடா," என்றார் சிவஞானம்.

"ஆமா சார்."

"யாரைக் கேட்டு மாத்துன?"

"யாரையும் கேக்கல."

"எக்கியார்குப்பம் இன்னா சீமையிலயா இருக்குது?" இது அமராவதி. "சைக்கிள்ல போயி டீச்சர் பொட்டியை மாட்டுங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே."

ஏப்ரலில் ஒருமுறை லூர்துமேரியை பஸ் ஸ்டாண்டில் பார்த்துக் கேட்டேன். பத்திரமா இருக்குதுங்க என்றார். பத்திரமாக இருந்தால் சரி என்று வந்துவிட்டேன். ராத்திரி முழுக்க மோட்டார் பார்த்துவிட்டுப் பகலில் அவ்வளவு தூரம் மிதிக்கச் சோம்பல். ஒரு எண்ணை மாற்றுவது சுலபம். எனக்கு மட்டும் தெரிந்த வேலை என்ற திமிரும் இருந்தது. இன்னொன்றும் உண்டு. சென்னைக்காரர்களுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் எங்கே படித்தாய், எந்த வருடம் முடித்தாய் என்று பேச்சு வரும். அதற்குப் பயந்தேன்.

சிவஞானமும் அந்தப் படிப்புப் பேச்சுக்குத்தான் வந்தார். "நீ டிப்ளமா முடிச்சவன்தானே? நம்பி உடறதுக்கு அதானே ஒரே காரணம். சர்ட்டிபிகேட்டைக் கொண்டா, புகார்லயே நம்பர் போட்டுடறேன். படிச்சவன் தெரிஞ்சு செஞ்சான்னு ஆவட்டும்."

"இல்ல சார்."

"வீட்ல இல்லியா?"

"முடிக்கல சார். நாலாவது செமஸ்டர்ல நின்னுட்டேன்."

அமராவதி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. "இவன் ஓடுனான்னுதானே நாங்க ஓடுனோம்," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

சிவஞானம் எழுதிய தாளைக் கையில் எடுத்துப் படித்தார். பிறகு லூர்துமேரியின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதப் போனார்.

"ரெண்டு பேரையும் போட்டுடறேன்பா அய்யனாரு. பழைய எச்சரிக்கையை உட்டது அந்தம்மா. கத்த வெச்சது இவன்."

"வேணாங்க," என்றான் அய்யனார். "எனக்கு ஒரு பேரு போதும்."

சிவஞானம் அவனையும் என்னையும் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்தார். புதிய தாள் எடுத்தார். லூர்துமேரி நோட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெட்டியை வைத்துவிட்டுப் போகவா என்று கேட்டார். வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பஸ் ஹாரன் கேட்டது. போய்விட்டார்.

புதிய தாளில் என் பெயரோடு என் அப்பா பெயர், வயது, முகவரி எல்லாம் கேட்டு எழுதினார் சிவஞானம். நான் சொன்னேன். எழுத்துப்பிழை ஒன்று இருந்தது, அதையும் திருத்தினேன். பயம் அப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை, ஸ்டேஷனுக்கு இவர்களோடு போவேன், கேட்டால் சொல்வேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"இந்தப் பொட்டிங்களை வெளிய வெச்சிட்டுப் போவக்கூடாது," என்றார் சிவஞானம் எழுந்து. "போலீசு வந்து பாக்கறவரைக்கும் அப்படியே இருக்கணும். யாரும் கை வெக்கக்கூடாது. தூக்கு சகாதேவா, குடோன்ல வை."

குடோன் அலுவலகத்துக்குப் பின்பக்கம். காலிச் சாக்கு வைக்கிற அறை. ஜன்னல் கிடையாது, கூரையோரம் ஒரு சாண் அளவுக்குச் சந்து. முதல் தடவை சங்கத்துப் பெட்டியையும் ஐஸ் கம்பெனிப் பெட்டியையும் கொண்டுபோய் வைத்தேன். அய்யனார் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உதவிக்கு வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது தடவை என் பெட்டியும் லூர்துமேரியின் பெட்டியும். படித்து மூடிய அவர் பெட்டியை அணைக்க மறந்திருந்தேன், நேற்று ஏறிய மின்சாரம் அதில் இன்னும் இருந்தது. உள்ளே நுழைந்ததும் இருட்டில் அதன் பச்சை விளக்கு சிமிட்டுவது தெரிந்தது. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தேடும்போது அப்படித்தான் சிமிட்டும். கீழே வைத்த சங்கத்துப் பெட்டியும் பதிலுக்குச் சிமிட்டியது.

எண் இன்னும் ஒன்றில்தான் இருந்தது. என் பெட்டியிலும் சங்கத்துப் பெட்டியிலும் எச்சரிக்கையை நேற்றே அழித்திருந்தேன். லூர்துமேரியின் பெட்டியில் அழிக்கவில்லை.

குனிந்து, சாக்கின்மேல் இரண்டையும் வைத்து, அவர் பெட்டியின் பேட்டரி ஒயரைத் தேடினேன்.

"அதைத் தொடாத," என்றான் அய்யனார் பின்னாலிருந்து.

"கழட்டலேன்னா மறுபடியும் கத்தும்பா. ஊரு ஓடும்."

"சார்," என்று அவன் வெளியே பார்த்துச் சொன்னான். "மாத்தறான் சார்."

"அவனும் உள்ளயே இருக்கட்டும்," என்றார் சிவஞானம். "தப்பா நினைக்காத சகாதேவா. ரெண்டு மணி வரைக்கும்தான்."

திரும்பினேன். கதவு சாத்தியாகிவிட்டது. சாவிக்கொத்து குலுங்குவது கேட்டது, சரியான சாவியைத் தேடுகிறார். கிடைத்தது. பூட்டு விழுந்தது. இருட்டில் பச்சை விளக்குகள் இன்னும் ஒன்றுக்கொன்று சிமிட்டிக்கொண்டிருந்தன.